ஜிங்க்ஸ் என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு

தெருவில் அவருக்கு 'அகராதி' என்றுதான் பேர். ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாரிக்கிற அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பதால் மட்டும் வந்த பேர் அல்ல. பஸ் நிறுத்தத்தில் யாரோ யாரிடமோ ஓர் ஆங்கிலச் சொல்லைத் தப்பாகச் சொன்னால்கூட, கூப்பிடாமலே போய்த் திருத்திவிட்டு வருகிற ஆள். "அகராதி புடிச்ச மனுஷன்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது காதில் விழுந்தால் கோபப்பட மாட்டார். அந்த வழக்கு எப்படி வந்திருக்கும் என்று நின்று விளக்கம் கொடுப்பார். சொன்னவருக்கு இரண்டு திட்டு வாங்கியிருந்தாலே தேவலை என்று ஆகிவிடும்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மாடியில் ஒரே ஓர் அறை, அதில் கட்டிலைவிடப் புத்தகங்களுக்கு இடம் அதிகம். கீழே தம்பியும் தம்பி மனைவியும். சாப்பாடு கீழே.

தம்பி எலக்ட்ரீஷியன். நல்ல வேலைக்காரன் என்று சொன்னால் போதாது. ஒரு சுவிட்சைக் கழற்றினால் திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் கைக்குட்டைமேல் அடுக்கி வைத்து, அதே வரிசையில் திரும்ப முடுக்குகிற ஜாதி. ஆனால் அவன் நேரம் அப்படி. முதலில் சேர்ந்த சோப்புத் தொழிற்சாலை, முதலாளியின் மகன்கள் சொத்துக்கு அடித்துக்கொண்டதில் பதினோரு மாதத்தில் பூட்டப்பட்டது. அடுத்து சேர்ந்த சினிமா கொட்டகையை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். மூன்றாவதாக, அண்ணனே சிபாரிசு செய்து தன் அலுவலகத்தின் அச்சகத்தில் சேர்த்துவிட்டார். எட்டாவது மாதம் அங்கே தீப்பிடித்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஊர் விட்டிருக்கலாம். ஆனால் காக்கை மூன்று மரத்தில் உட்கார்ந்து மூன்றிலும் பழம் விழுந்தால் ஊர் வாயை மூடுமா? "அவன் கால் வச்ச இடம் வெளங்காது" என்றார்கள். அக்கம்பக்கத்தில் மின்விசிறி ஓடாவிட்டால்கூட மூன்று தெரு தள்ளி வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சண்டைக்குப் போனவர் அகராதி ஒருவர்தான். "படிச்சவங்க பேசற பேச்சா இது? மூடத்தனம்!" என்று எதிர்வீட்டு வாசலில் நின்று கத்தியிருக்கிறார். அன்றைக்குத் தம்பி வீட்டுக்குள்ளிருந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். இரண்டு வருடமாக அவன் தலை நிமிர்ந்து சாப்பிட்டது அந்த ஒரு பேச்சை நம்பித்தான்.

அந்த அகராதிக்காரர் செய்த காரியம்தான் இந்தக் கதை.

அவருடைய அலுவலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளுக்குக் கீழே, ஆங்கிலத்திலும் தமிழிலுமாக ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வரும் அல்லவா? அதை உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து எழுதக் கூடாது. அப்படி எழுதியதற்கு 'நாற்காலி வாக்கியம்' என்று பேர். ஆசிரியர் அதை முகர்ந்தே கண்டுபிடித்துச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். பார்த்தது, கேட்டது, பட்டது மட்டும்தான் எழுதலாம். பெயரை எடுத்துவிட்டால் போதும். அங்கே எழுதுகிறவர்கள் ஆறு பேர். ஆறு பேருடைய குடும்பமும் அகராதிக்குள் குடியேறிவிட்டது. 'ஒழுகுதல்' என்ற பொருள் தரும் சொல்லுக்கு ஆசிரியர் வீட்டுக் கூரை. 'குறட்டை'க்குப் பிழைதிருத்துகிற அம்மாவின் கணவர். அந்த மனிதருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

தம்பியும் உள்ளே இருந்தான். 'கவனம்' என்ற பொருள் தரும் சொல்லுக்கு அண்ணன் எழுதிய வாக்கியம்: "அவர் கம்பியைத் தொடுமுன் இரண்டு முறை சோதித்துப் பார்ப்பார்."

அச்சகத் தீயில் போனவை அட்டைகள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்று நாலு வருடமாகக் கைப்பட எழுதிச் சேர்த்தவை, தாள் கிடங்குக்குப் பக்கத்து அலமாரியில் இழுப்பறை இழுப்பறையாக இருந்தன. கிடங்குக்கு மேலே போகிற பழைய ஒயரை மாற்ற வேண்டும் என்று தம்பி மேனேஜருக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தான். மூன்று கடிதமும் மேனேஜரின் மேசையில்தான் இருந்தன. தீப்பிடித்தபோது எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவன் ஒருத்தன் உள்ளே ஓடினான். ஏ முதல் ஜி வரை இருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஜன்னல் வழியாக எறிந்தான். எச் முதல் எல் வரை சாம்பல். எம்முக்குப் பிறகு உள்ளவை வேறு அறையில் இருந்ததால் தப்பின. அவனுடைய இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கிப்போனது. வேலையும் போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தீக்குப் பிறகு, எரிந்த எழுத்துகளைத் திரும்ப எழுதும் வேலையில் ஜே என்ற எழுத்து அண்ணன் பங்குக்கு வந்தது. ஒரு பிற்பகல், ஈரச் சாம்பல் நாற்றம் போகாத அறையில், அவர் முன்னால் 'ஜிங்க்ஸ்' என்ற சொல் வந்து உட்கார்ந்தது.

அதன் பூர்வீகம் மாந்திரீகம் என்பார்கள். கழுத்தை முழுக்கப் பின்னால் திருப்பக்கூடிய ஒரு சின்னப் பறவை உண்டு. பழங்காலத்தில் அதைப் பிடித்துச் சக்கரத்தில் கட்டிச் சுற்றி வசியம் செய்தார்களாம். பறவையின் பேரே வசியத்துக்கு ஆகி, பிறகு கெட்டதைக் கொண்டுவருகிற ஆளுக்கும் பொருளுக்கும் ஆகிவிட்டதாம். அந்தப் பறவை செய்த குற்றம், கழுத்தைத் திருப்பியது. இன்றைக்கு ஆங்கிலத்தில் அதைப் பாதி விளையாட்டாகத்தான் புழங்குகிறார்கள். தோற்கிற ஆட்டத்துக்குப் போட்டுப்போன சட்டையைச் சொல்வார்கள். காரியம் கைகூடுமுன்னே பீற்றிக்கொண்டால், வாயை வைத்துக் கெடுக்காதே என்பதற்கும் அந்தச் சொல்தான். தமிழில் அதற்கு எதிரே எழுத வேண்டியது விளையாட்டுச் சொல் இல்லை. ராசியில்லாதவர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குள் வரும்போது அதைச் செருப்போடு கழற்றிவிட்டா வர முடியும்?

இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான், நாலு வருட உழைப்பு போன எரிச்சலில், பேனாவை அழுத்தி எழுதினார்: "அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்று இடங்களும் நாசமாயின, அவர் ராசியில்லாதவர்." ஆசிரியர் படித்துவிட்டு, "இது நாற்காலி வாக்கியம் இல்ல" என்று பாராட்டினார். அட்டை அச்சுக்குப் போனது. தம்பியின் கைக்கட்டு அன்றைக்கு இன்னும் பிரிக்கப்படவில்லை.

பிறகு அவர் வெட்கப்பட்டாரா என்றால், பட்டார். ஆனால் பன்னிரண்டாயிரம் சொல்லுக்கு நடுவே ஒரு சொல்லை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அகராதியை யாராவது முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பார்களா?

தம்பி படித்தான். புத்தகம் வெளிவந்தவுடன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த பிரதியைக் காக்கித் தாளில் அட்டை போட்டு, ஜன்னலோர மேசையில் வைத்துக்கொண்டு, ஏ-யில் தொடங்கினான். காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம். ஒவ்வொரு சொல்லையும் கோடு போட்ட நோட்டில் எழுதி, எடுத்துக்காட்டை வாய்விட்டுப் படிப்பான். சி-யில் 'கவனம்' வந்த அன்று மாடிப்படி அதிர ஓடிவந்தான். "அண்ணே, இது நான்தானே? கம்பியத் தொடறதுக்கு முன்னாடி... நான்தானே?" நாற்பத்து நாலு வயதுக்காரன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளைமாதிரி நின்றான். ஆமாம் என்று சொல்லும்போதே அண்ணனுக்கு ஜே எழுத்து ஞாபகம் வந்தது.

ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி புதிய கட்டடம் கட்டியது. அதன் ஜெனரேட்டர் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்தார்கள். நேர்முகம் ஆங்கிலத்தில், தினசரிக் குறிப்பும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தம்பி போனான். 'அவசரம் என்றால் என்ன செய்வாய்' என்று கேட்டதற்கு, அகராதியின் ஈ எழுத்தில் படித்த வாக்கியத்தை அப்படியே எடுத்துவிட்டானாம். கேட்டவர்கள் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும்.

"மாமா, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள் தம்பி மனைவி, அவருக்குத் தட்டு வைத்துக்கொண்டே. "சேர்ந்து ஒரு மாசம் ஆகட்டும். நாமளே வாய வச்சுடக் கூடாது." அவள் முகத்தில் இரண்டு வருடமாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. அதை மறைக்கத்தான் அப்படி அதட்டினாள்.

"சொல்லல, சொல்லல" என்றார்.

"அண்ணே, ஐ நாளைக்கோட முடியுது" என்றான் தம்பி, வாயில் சோற்றோடு. "நாளன்னைக்கு ஜே."

அகராதி மனசுக்குள் கணக்குப் போட்டார். எட்டு நாளில் முதல் தேதி. ஜே சின்ன எழுத்து, அஞ்சாறு பக்கம்தான். அந்தச் சொல் எந்தப் பக்கத்தில், எந்தப் பத்தியில், மேலிருந்து எத்தனையாவது என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"ஜேல ஒண்ணும் இல்லடா. விட்டுட்டு கே-க்குப் போயிடு" என்றார்.

"நீங்க எழுதினதுல எதண்ணே விடறது?" என்று சிரித்தான் அவன்.

அன்றைக்கே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். 'டேய், கோவத்துல ஒரு தப்புப் பண்ணிட்டேன்' என்று ஒரு வரி. இருபத்தாறு வருடமாகச் சொற்களையே கையாண்ட மனிதருக்கு அந்த ஏழெட்டுச் சொல் கிடைக்கவில்லை. அதற்குப் பதில், தன் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒன்றைச் செய்தார். அச்சான புத்தகத்தில் பிழை இருந்தால் அதே எழுத்தில், அதே தாளில் சரியான வரியை அச்சிட்டு, கத்தரித்து, பிழைமேல் ஒட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுவதில் அந்த அலுவலகத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அறையில் யாரும் இல்லாதபோது, புதிய எடுத்துக்காட்டு ஒன்றை எழுதி, அச்சிட்டு எடுத்துக்கொண்டார். வாழ்க்கையிலே முதல் தடவையாக ஒரு நாற்காலி வாக்கியம்: "மழை பெய்ததற்கு அந்தக் குடையே காரணம் என்றும், அது ராசியில்லாதது என்றும் சொன்னார்கள்."

சாயங்காலம் தம்பியும் மனைவியும் ஆஸ்பத்திரி கேட்ட மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தார்கள். காக்கி அட்டை போட்ட புத்தகத்தைத் திறந்து, பசையை ஊசிமுனையால் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கே தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது. மேலே போய் அரை மணி நேரம் தூங்கினார்கூட.

மூன்றாம் நாள் காலை. கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். தம்பி மேசையில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். அவன் குரல் அந்தச் சொல்லுக்கு வந்தது. பொருளைப் படித்தான். குடை வாக்கியத்தைப் படித்தான். நின்றான். கட்டைவிரலால் அந்த வரியை ஒரு முறை தடவினான், பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு முறை. ஒயரில் எங்கே உள்ளே அறுந்திருக்கிறது என்று மேல் உறையைத் தடவிப் பார்த்தே சொல்கிற விரல் அது. ஒட்டின பெரிய மனிதர் அதை யோசிக்கவே இல்லை.

"அண்ணே."

"ம்."

"இந்த வாக்கியம் நல்லா இல்லண்ணே. குடைய எங்க பார்த்தீங்க? நாற்காலியில உக்காந்து எழுதின மாதிரி இருக்கு."

அவர் டீயைக் குடித்தார். டம்ளர் காலி என்பதை உதடுதான் சொன்னது.

"முன்னாடி இருந்தது வேறண்ணே" என்றான் தம்பி. குரலில் சூடு இல்லை. ஃபியூஸ் எப்படிப் போனது என்று வீட்டுக்காரருக்கு விளக்குகிற நிதானம். "தீப்பிடிச்ச மறுநாள் கைக்கட்டோட பிரஸ்ஸுக்குப் போனேன்ல? மேனேஜர் போன்ல யார்கிட்டயோ இங்கிலீஷ்ல பேசிட்டிருந்தாரு. என்னப் பார்த்ததும் இந்த வார்த்தையச் சொன்னாரு. அர்த்தம் தெரியல, ஆனா மறக்கல. நீங்க புத்தகம் கொண்டுவந்து குடுத்த அன்னைக்கு நான் மொதல்ல எடுத்துப் பார்த்ததே இதத்தான். அப்புறம்தான் ஏ-க்கு வந்தேன்."

"பார்த்தியா..." என்றார் அண்ணன். அது கேள்வியாகவும் வரவில்லை.

"பார்த்தேன். மூணு இடம்னு இருந்தது. ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். ஊருல மூணு வேலை மாறினவன் நான் ஒருத்தன்தானா? நீங்க ஆறு பேரு எழுதறீங்க. ஜே யார் எழுதினாங்களோ, யாரைப் பார்த்து எழுதினாங்களோன்னு விட்டுட்டேன். எங்கண்ணன் எதிர்வீட்டுக்காரன்கிட்ட எனக்காகச் சண்ட போட்டவரு. அவரு எழுதுவாரா? அப்படின்னு நெனச்சுத்தான் தினம் படிச்சேன்." ஒட்டின வரியை மறுபடி தடவினான். "இத ஒட்டாம விட்டிருந்தீங்கன்னா கடைசி வரைக்கும் அப்படியே நெனச்சிருப்பேன்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன கதையை எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பார் இவர்! அந்தப் பிள்ளைக்கு விவரம் தெரியாத வயது என்றாவது சொல்லலாம்.

"கோவத்துல எழுதிட்டேன்டா. அட்டையெல்லாம் போன கோவம். மன்னிச்சுடு."

"கோவம் தெரியுதுண்ணே, அது பரவால்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க." தம்பி முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான். "எழுதும்போது நம்பினீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பொய்யாகவாவது, உடனே, உரக்க. ஆனால் சரியான சொல்லைத் தேடியே பழகிப்போன புத்தி, அந்தப் பிற்பகலுக்குத் திரும்பிப் போய், பேனாவை அழுத்தின அந்த நிமிஷத்தில் தன் மனசில் என்ன இருந்தது என்று நிஜமாகவே தேடிப் பார்த்தது. தேடி முடிப்பதற்குள் தம்பி தலையைக் குனிந்துவிட்டான். "இல்லடா, இல்ல" என்று அவர் அதன் பிறகு சொன்னதை அவன் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நோட்டை மூடி, பென்சிலை அதன் மேல் நேராக வைத்தான்.

அடுத்த நாலு நாளும் புத்தகம் மேசையில் அப்படியே இருந்தது. தம்பி மனைவி ஏன் படிக்கவில்லை என்று கேட்டதற்குக் கண் வலிக்கிறது என்றான். அகராதி இரண்டு முறை பேச்சை எடுத்தார். எடுத்த இரண்டு முறையும் அவன், "விடுங்கண்ணே, சாப்பிடுங்க" என்று குழம்பை அவர் பக்கம் நகர்த்தினான். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

முதல் தேதி காலையில் மனைவி இஸ்திரி போட்டு வைத்த சட்டை நாற்காலியில் தொங்கியது. அவன் பனியனோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். மணி எட்டரை ஆகியும் எழவில்லை.

"கெளம்புடா" என்றார் அண்ணன். கெஞ்சல்தான்.

"சோப்புக் கம்பெனி போச்சு, பரவால்ல. கொட்டகை, பரவால்ல. இது ஆஸ்பத்திரிண்ணே. மேல ஆப்பரேஷன் நடக்கும். மெஷின்ல மூச்சு விட்டுட்டுப் படுத்திருப்பாங்க. நான் போய்க் கீழ நிக்கட்டுமா?"

"பைத்தியமாடா நீ? அதெல்லாம் மூடத்தனம்!"

பழைய சொல்தான். எதிர்வீட்டு வாசலில் அன்றைக்கு எவ்வளவு கனமாக இருந்தது! இன்றைக்குக் கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தம்பி லேசாகச் சிரித்தான். அண்ணன் சங்கடப்படக் கூடாதே என்பதற்கான சிரிப்பு. உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். மூடிவிட்டு அங்கேயே நின்றாள்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. தம்பி எண்ணைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் நீட்டினான்.

"ஆஸ்பத்திரி. வரலன்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வராது. நீங்க தப்பில்லாமச் சொல்லுவீங்க."

அவர் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்து, அதையும் விழுங்கிவிட்டு, காதில் வைத்தார். மறுமுனையில் ஓர் இளம்பெண். புதிய ஆள் இன்னும் வரவில்லையே, அறையைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறோமே என்றாள். அவர் ஆங்கிலத்தில், ஒரு பிழையும் இல்லாமல், தம்பி வரப்போவதில்லை, அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். படிவத்தில் அதற்கு ஓர் இடம் இருக்கும்போல, காரணம் என்னவென்று எழுதட்டும் என்று அவள் கேட்டாள்.

அகராதி தம்பியைப் பார்த்தார். அவன் இடது கையின் சுருங்கிய தோலை வலது கையால் தடவியபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடும்பக் காரணம்" என்றார், ஆங்கிலத்தில்.

அவள் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அவன் எழுந்துபோய் நாற்காலியில் தொங்கிய சட்டையை எடுத்து, இஸ்திரி கலையாமல் மடித்து உள்ளே வைத்தான்.